காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன்

தோற்றுவாய்

வேங்கிக்காலினின்று வேலூர்ப் பெருவழியே தெற்கு நோக்கி நடப்போமாயின், வலப்புறத்தே அண்ணாமலை ஓங்கி நிற்ப, சிறிது நேரத்தில் அருணாசலேசுவரர் திருக்கோயிலின் மதில்களைச் சார்வோம். நாடோறும் ஆயிரவர் அம்மதில்களைக் கடந்து செல்கின்றனர். ஆயினும் அவற்றின்மீது வெட்டப்பட்டுள்ள எழுத்துக்களை நின்று நோக்குவார் மிகச் சிலரே. அவ்வெழுத்துக்களுள் சோழர் பெயரும் பாண்டியர் பெயரும் உள. பிற்காலத்து இந்நகரைத் தம் இருக்கையாகக் கொண்ட ஹொய்சள வேந்தர் பெயரும் விசயநகர மன்னர் பெயரும் உள. அவற்றினிடையே, 'சகலபுவனச் சக்கரவர்த்தி' என்னும் பெரும்பட்டத்தோடு, கோப்பெருஞ்சிங்கன் என்னும் ஒரு பெயரும் காணப்படுகின்றது.

யார் இவன்? மூவேந்தர் குடியிற் பிறந்தவனல்லன். சோழர்க்குக் கீழ்ப்பட்டிருந்த ஒரு நிலக்கிழாரின் வழியில் வந்தவன். தன் தலைவனாகிய சோழப் பேரரசனையே சிறையில் இட்டவன். அவ்வொரு செயலால் அவனை நன்றிகொன்றான் எனச் சிலர் இகழ்வர். தில்லையில் வானளாவிய கோபுரம் எடுப்பித்த குடியினன் என மற்றுஞ் சிலர் புகழ்வர். இவ்விரு கூற்றுள் எது பொருந்தும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உள்நாட்டுப் போரும் நிலக்கிழாரும்

அயல்நாட்டுப் பகைவன் படையெடுத்து வருங்கால் ஒருவன் செய்யக்கடவது யாது என்பது ஐயத்துக்கு இடமில்லாதது. ஆனால் ஒரு நாட்டினுள்ளேயே இருவேறு அதிகாரங்கள் எழுந்து, 'எமக்கே பணிக' என இரண்டும் கட்டளையிடும்போது, நிலமும் குடிகளும் உடையான் ஒருவன் படும் இடர்ப்பாடு பெரிது. வேந்தன் வீழினும் அவன் குடிகள் வீழ்தல் கூடாது. வேந்தன் வெல்லினும் அவன் வயல்கள் எரிந்துபோதல் கூடாது. கடமை ஒருபால் இழுக்க, காவல் மற்றொருபால் இழுக்கும்.

இவ்விடர்ப்பாடு எந்நாட்டிற்கும் பொதுவாம். ஆங்கில நாட்டு வரலாற்றில் 1642-ஆம் ஆண்டு அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் போர் மூண்டபொழுது, வேல்சு நாட்டு நிலக்கிழாரின் நிலைமை இதுவே. அவருள் ஸர் ஜான் ஓவன் என்பார் அரசன் கட்சியினின்றும் சிறிதும் பிறழாதவர். அரசன் தோல்வியுற்றபின்னும் 1648-இல் மீண்டும் வாளெடுத்துப் பிடிபட்டு, பிரபுக்கள் நால்வரோடு மரணதண்டனை விதிக்கப்பெற்றார். ஏழை வேல்சுக்காரன் ஒருவனுக்கு இத்துணை உயர்ந்த பிரபுக்களோடு தலையிழத்தல் பெருமையே என்று அவர் நன்றி கூறினார் என்பர். அந்நால்வருள் மூவர் 1649-இல் தலை துணிக்கப்பட, ஓவன் உயிர் பிழைத்தார். அவர் நாட்டினரேயாகிய பேராயர் ஜான் வில்லியம்ஸ் என்பாரோ, முதலில் அரசனுக்காகக் கான்வே கோட்டையைக் காத்து நின்றார். அண்டை அயலார் தம் பொருள்களை அவரை நம்பி அக்கோட்டையில் வைத்திருந்தனர். 1645-இல் ஓவன் அக்கோட்டையைத் தம் கைக்கொள்ளவே, பேராயர் மனம் புழுங்கி, மறு ஆண்டில் பாராளுமன்றப் படையோடு சேர்ந்தார். ஒருவர் அரசனை நோக்கினார். மற்றவர் தம்மை அடைந்தோரை நோக்கினார். இருவருள் யார் உண்மையாளர் என்பதை எளிதில் உரைத்தல் இயலாது.

இதற்கு நானூறு ஆண்டுகட்கு முன்னரே, நம் நாட்டிலும் இதனையொத்ததொரு நாடகம் நிகழ்ந்தது. அதன் களம் நமக்கு அண்மையில் உள்ள தெள்ளாறு.

சோழர் அரசும் சிற்றரசரும்

மூன்றாம் குலோத்துங்க சோழன் கி.பி. 1178 முதல் 1218 வரை ஆண்டவன். சோழப் பேரரசர் வரிசையில் ஆற்றல் மிக்க இறுதி வேந்தன் எனத் தக்கவன். அவன் காலத்திலேயே பேரரசின் கட்டுக்கள் நெகிழத் தொடங்கிவிட்டன. ஊர்தோறும் கள்வராலும் பகைவராலும் தீங்கு நேராமற் காத்தலைப் 'பாடிகாவல்' என்பர். அக்காவலைச் செய்வார்க்குக் குடிகள் ஒரு கூறு வரி இறுத்தனர். தொடக்கத்தில் இது வேந்தன் அளித்த உரிமையே. நாளடைவில் அது தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் உடைமையாயிற்று. வேந்தனோ தஞ்சைக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் இடையே உள்ளான். காவல் செய்வோனோ கண்ணெதிரே உள்ளான். குடிகள் யாரை அஞ்சுவர்? யாரை நம்புவர்? பேரரசு தளர்ந்ததன் மருமம் இவ்வினாக்களுள் அடங்கும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் மாவட்டத்துச் செங்கத்திலுள்ள குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டுக்கள், சிற்றரசர் தம்முள் செய்துகொண்ட உடன்படிக்கைகளைக் கூறுகின்றன. அதிகைமான் மரபினனாகிய விடுகாதழகிய பெருமாளும், செங்கேணிச் சம்புவராயரும், பிறரும் அவ்வுடன்படிக்கைகளிற் காணப்படுகின்றனர். ஒருவருக்கொருவர் துணையாதல், ஒருவர் பகையை மற்றவரும் பகையாகக் கொள்ளுதல் என்பனவே அவற்றின் சாரம். வேந்தனுக்குக் கீழ்ப்பட்டார் வேந்தனைக் கேளாமலே தம்முள் நட்பும் பகையும் வகுத்துக்கொள்வாராயின், அவ்வேந்தன் செங்கோல் எத்துணை நாள் நிற்கும்? கோயிற் சுவரிலே யாவரும் காண அதனை வெட்டுவித்தனர் என்பதும் கருதத்தக்கது. மறைவாகச் செய்தற்குரியதொன்று எனவும் அவர் நினைத்திலர்.

காடவர் குடி

இச்சிற்றரசருள் காடவர் ஒரு குடியினர். தென்பெண்ணைக்கும் வெள்ளாற்றுக்கும் இடைப்பட்ட நடுநாட்டிலே இவர் ஆற்றல் வளர்ந்தது. பழைய பல்லவ வேந்தரின் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொண்டனர். 'ஆளப்பிறந்தான்' என்பது இவர் குடிக்குரிய பெயர்களுள் ஒன்று. பெயரிலேயே அவர் உள்ளக்கிடக்கை விளங்குகின்றதன்றோ! பாடிகாவல் உரிமை பெற்றுத் தொடங்கிய இக்குடி, பெண் கொடுத்தும் கொண்டும், படை திரட்டியும், சில தலைமுறைகளில் சேந்தமங்கலத்தில் கோட்டை அமைத்து வாழும் நிலைமையை எய்திற்று. இக்காலத்துக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைக்கு அண்மையில் உள்ளது அவ்வூர். அங்குள்ள சிவன் கோயிலும் மதிற் சிதைவுகளும் பழம்பெருமையை இன்றும் அறிவிக்கின்றன.

கோப்பெருஞ்சிங்கன் என்னும் பெயர் பூண்டார் தந்தையும் மகனுமாகிய இருவர் என ஆராய்ச்சியாளருள் ஒரு சாரார் கொள்வர். ஒருவனே என்பாரும் உளர். இருவர் எனக் கொள்வோர், வேந்தனைச் சிறையிட்டவன் தந்தை என்றும், 1243-இல் முடிபுனைந்தவன் மகன் என்றும் பகுப்பர். குடியின் கொள்கை ஒன்றேயாதலின், இக்கட்டுரையில் 'காடவன்' என்று பொதுவாகக் கூறிச் செல்வோம்.

தெள்ளாற்றுப் போர்

குலோத்துங்கனுடைய இறுதி நாளிலே, 1216-இல் பட்டமெய்திய முதலாம் மாறவர்மன் சுந்தர பாண்டியன் சோழநாட்டின்மீது படையெடுத்துத் தஞ்சையையும் உறையூரையும் எரியூட்டினான். பின்னர் முடியைத் திருப்பி அளித்தான். அதனால் 'சோணாடு வழங்கியருளியவன்' எனப்பட்டான். கொடுத்த முடியை வாங்கி அணிந்த சோழன், அன்றுமுதல் வேந்தர்க்கு வேந்தனல்லன்.

குலோத்துங்கனுக்குப்பின் அரசாண்டவன் மூன்றாம் இராசராசன். இவன் தன் வலிமையை அளந்தறியாதவன். பாண்டியனுக்கு இறுக்கவேண்டிய திறையை மறுத்துப் போர் மேற்கொண்டு தோற்றான். தோற்றவன் வடக்கு நோக்கிச் சென்றான். வழியிலே, தெள்ளாற்றில், காடவன் படை அவனை எதிர்த்தது. பேரரசன் மீண்டும் தோற்றான்; தன் அமைச்சரோடு பிடிபட்டுச் சேந்தமங்கலத்துச் சிறையில் வைக்கப்பட்டான். இஃது ஏறத்தாழ 1231-இல் நிகழ்ந்தது.

தெள்ளாறு என்னும் ஊர்ப்பெயர் காடவன் செவியில் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதையும் நாம் எண்ணுதல் வேண்டும். அதற்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகட்கு முன்னர், ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் பகைவரை வென்று 'தெள்ளாறெறிந்த' என்னும் அடைமொழி பெற்றது அவ்விடத்தேயாம். பல்லவர் வழித்தோன்றல் என உரிமை கொண்டாடிய ஒருவன், தன் முன்னோரை வீழ்த்திய சோழர் குடியின் வேந்தனை அதே களத்தில் கைப்பற்றியபொழுது, பழம்பழி தீர்ந்ததாகவே கருதியிருத்தல் கூடும்.

ஹொய்சளர் படையெழுச்சி

துவாரசமுத்திரத்திலிருந்து ஆண்ட ஹொய்சள வேந்தன் இரண்டாம் நரசிம்மன் இச்செய்தியைக் கேட்டான். 'சோழ இராச்சியத்தை நிலைநிறுத்தியவன்' என்பது அவன் சூடியிருந்த பட்டம். சோழன் சிறையிலிருக்க அப்பட்டம் நகைப்புக்கிடமாகும் என்று கருதி, அவனை மீட்டாலன்றித் தன் வெற்றிக்காளம் ஊதப்படாது எனச் சூளுரைத்துப் புறப்பட்டான். இடையிலுள்ள மகர நாட்டை அழித்துத் திருவரங்கத்துக்கு அண்மையிலுள்ள பாச்சூரில் தங்கினான். அங்கிருந்து அப்பணன், சமுத்திர கோப்பையன் என்னும் தண்டநாயகர் இருவரை ஏவினான்.

அவ்விருவரும் செய்தவற்றைக் கடலூர்க்கு அணித்தாகிய திருவேந்திபுரத்துக் கோயிற் கல்வெட்டு விரிவாகச் சொல்லுகின்றது. காடவனுக்குரிய ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாக அழித்தனர். அவனுடைய முதலிகளைக் கொன்றனர்; இறந்துபட்டாருள் ஈழத்தரசன் பராக்கிரமபாகு எனக் குறிக்கப்படுவான் ஒருவனும் உளன். இடையே பொன்னம்பலத்தில் வழிபாடும் செய்தனர். திருப்பாதிரிப்புலியூரில் பாடி இறங்கினர். திருவதிகை, திருவக்கரை முதலிய ஊர்ப்பக்கங்களைப் பாழாக்கினர். சேந்தமங்கலத்துக்குக் கிழக்கிலுள்ள நிலப்பரப்பில் குடியிருப்புக்களை எரித்தனர், மரங்களை வெட்டினர், பெண்டிரைச் சிறைபிடித்தனர். இனிக் கோட்டையை முற்றுகையிடுவதே எஞ்சியது என்ற நிலையில், காடவன் பணிந்து சோழனை விடுவித்தான். தண்டநாயகர் சோழனை அவன் நாட்டுக்கு அழைத்துச் சென்று மீண்டனர்.

சான்றுகளை ஆராயும் முறை

வரலாறு பயிலும் மாணவர் இவ்விடத்தே சிறிது நிற்றல் வேண்டும். ஒரே நிகழ்ச்சிக்கு நம்மிடம் இரண்டு சாட்சிகள் உள. வயலூர்ப் பாறையிலுள்ள காடவன் கல்வெட்டு, தெள்ளாற்று வெற்றியையும் சோழனைச் சிறையிட்டதையும் பெருமிதத்தோடு முழங்குகின்றது. திருவேந்திபுரத்துக் கல்வெட்டு அவனையே கோயில்களை அழித்த கொடியவன் என்று குற்றஞ்சாட்டுகின்றது. முன்னது வென்றவன் வாய்மொழி. பின்னது அவன் பகைவர் வாய்மொழி. ஒவ்வொன்றையும் அதனை வெட்டுவித்தவன் யாவன் என்று வினவிய பின்னரே ஏற்றல் வேண்டும்.

இவ்வாறு நோக்குமிடத்து ஓருண்மை புலனாகும். ஒருவன் தன்னைப் புகழ்ந்தும் பிறனை இகழ்ந்தும் சொல்வன ஐயத்துக்குரியன; ஆனால் தன் செயலையே, அது குற்றமென உணராமல், ஒருவன் சொல்லுவானாயின் அது பெரிதும் நம்பத்தக்கது. காடவன் வேந்தனைச் சிறையிட்டான் என்பதை அவனே ஒப்புகின்றான். ஆகவே அது மெய். மீட்கவந்த படையினர் ஊர்களை எரித்துப் பெண்டிரைச் சிறைபிடித்தனர் என்பதை அவரே வெற்றிச் செயலாகக் கூறுகின்றனர். ஆகவே அதுவும் மெய். காடவன் கோயில்களை இடித்தான் என்பதோ பகைவர் கூற்று மட்டுமேயாம். அவன் குடியினர் கோயில்களுக்குச் செய்த கொடைகள் பலவாகக் காணக்கிடத்தலின், அக்கூற்றை அப்படியே கொள்ளுதல் அரிது.

மற்றொன்றும் உண்டு. இரு கல்வெட்டுக்களிலும் வேந்தர் பெயரும் தண்டநாயகர் பெயரும் இருக்கின்றன. எரியுண்ட வீட்டிற்கு உரியவன் பெயர் ஒன்றுமில்லை. வெட்டுண்ட மரங்கள் எத்தனை தலைமுறை நிழல் தந்தன என்று எழுதுவார் இல்லை. சிறைபிடிக்கப்பட்ட பெண்டிர் எங்கே கொண்டுபோகப்பட்டனர் என்பதும் இல்லை. சோழன் மீண்டான், அவர் மீளவில்லை. உள்நாட்டுப் போரின் உண்மையான செலவு இதுவேயாகும். எக்கோயிற் கணக்கிலும் அது ஏறவில்லை.

முடிபுனைதலும் கழுவாயும்

சோழன் விடுதலை பெற்றபின்னும் காடவர் ஆற்றல் குன்றவில்லை. 1243 முதல் கோப்பெருஞ்சிங்கன் தன் பெயராலேயே ஆட்சியாண்டு எண்ணிக் கல்வெட்டுக்கள் வெட்டுவித்தான். வேந்தனுக்கே உரிய அவ்வுரிமையைக் கீழ்ப்பட்டவன் ஒருவன் எடுத்துக்கொள்ளுதல், தான் இனி ஒருவர்க்கும் அடங்கியவனல்லன் எனப் பறையறைதலை ஒக்கும். நம் அண்ணாமலையார் கோயிற் கல்வெட்டுக்களும் அம்முறையே அமைந்தனவாம்.

ஹொய்சளரோடு கொண்ட பகையும் நீடித்தது. பெரம்பலூரில் நிகழ்ந்த போரிலே கேசவன், அரிகரன் முதலிய ஹொய்சளத் தண்டநாயகரைக் காடவன் கொன்று, அவர் பெண்டிரையும் பண்டாரத்தையும் கவர்ந்தான். முன்பு தன் நாட்டில் அவர் செய்ததையே தானும் செய்தான். ஆனால் இதன்பின் நிகழ்ந்தது நம் கருத்தை ஈர்க்கின்றது. அக்கொலைக்குக் கழுவாயாக விருத்தாசலத்துக் கோயிலுக்கு அணிகலம் அளித்ததாக அவன் கல்வெட்டே கூறுகின்றது. வெற்றிக்கு அறிகுறியாகக் கொடை வழங்கிய மன்னர் பலரை நாம் அறிவோம். வென்றபின், 'இதற்குப் பிராயச்சித்தம் வேண்டும்' என்று உணர்ந்து, அதனைக் கல்லிலும் எழுதிவைத்தார் மிகச் சிலரே. காடவன் மனத்தினுள்ளே ஒரு நடுவன் இருந்து, அவன் புகழ்ப்பாக்களுக்குச் செவிசாயாமல் வழக்கை விசாரித்துக்கொண்டிருந்தான் போலும்!

திருப்பணியும் கலையும்

தில்லைத் தெற்குக் கோபுரம் காடவர் திருப்பணி. 'சொக்கச்சீயன் திருநிலை எழுகோபுரம்' என்பது கல்வெட்டில் அதற்கு வழங்கிய பெயர். எழுநிலை கொண்ட அக்கோபுரத்துக்கெனச் செங்கற்பட்டுப் பக்கத்து ஆற்றூரில் நிலவருவாய் விடப்பட்டது. கீழைக் கோபுரத் திருப்பணியோடும் காடவர் பெயரை இணைத்துக் கூறுவர் அறிஞர். அக்கோபுர வாயிலில் பரத நூல் கூறும் நூற்றெட்டுக் கரணங்களின் உருவங்கள் செதுக்கப்பட்டிருத்தலை யாவரும் அறிவர். 'பரதமல்லன்', 'சாகித்திய ரத்நாகரன்' என்று பட்டம் புனைந்த ஒருவனுக்கு அத்திருப்பணியில் உள்ளம் சென்றது இயல்பே. வாளுக்கும் வரிக்கும் இடையே வாழ்ந்தவன் கூத்தையும் பாட்டையும் மறந்திலன்.

பாண்டியர் எழுச்சியும் காடவர் முடிவும்

1251-இல் பட்டமெய்திய சடாவர்மன் சுந்தர பாண்டியன் தென்னாடு முழுதையும் தன் அடிப்படுத்தினான். சோழன் திறை அளந்தான். ஹொய்சளர் கண்ணனூரை இழந்தனர். காடவன் தானாகவே திறை அனுப்பினான். பாண்டியன் அதனை ஏலாமல் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, யானையும் குதிரையும் செல்வமும் கவர்ந்தான். பின்னர் நாட்டைத் திருப்பி அளித்தான். சோழனுக்கு அவன் முன்னோன் செய்ததையே காடவனுக்கு இவன் செய்தான். முடியைத் தானே எடுத்துச் சூடியவன், அதனைப் பிறன் கையினின்று பெற்றுச் சூடவேண்டியதாயிற்று.

1262-இல் கோதாவரி நாட்டுத் திராட்சாராமத்தில் காடவன் கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. நடுநாட்டு நிலக்கிழாரின் வழித்தோன்றல் பெயர் அத்துணைத் தொலைவிற் பொறிக்கப்பட்டது வியப்பே. எனினும் அது மாலைக் கதிரவனின் ஒளி. கோப்பெருஞ்சிங்கன் கல்வெட்டுக்கள் ஏறத்தாழ 1279-இல் முடிகின்றன. சோழர் கடைசி வேந்தனாகிய மூன்றாம் இராசேந்திரனைப் பற்றிய குறிப்புக்களும் அதே ஆண்டளவில் முடிகின்றன. சிறையிட்ட குடியும் சிறைப்பட்ட குடியும் ஒருங்கே மறைந்தன. இருவர் நிலமும் பாண்டியன் குலசேகரன் கையிற் சென்றது. அரை நூற்றாண்டுப் பூசலில் இருவரும் பெற்ற பயன் அஃதே.

முடிவுரை

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். காடவன் நன்றிகொன்றவனா? காவலனா?

அவன் காலத்தில் வேந்தன் குடிகளைக் காக்கும் வன்மையை இழந்திருந்தான் என்பது உண்மை. காக்கமாட்டாத வேந்தனுக்கு அடங்கியிருத்தல் கடமையோ எனக் காடவன் சார்பில் வழக்காடலாம். அவ்வழக்கைத் தள்ளிவிடுதல் எளிதன்று. ஆனால் அவன் வேந்தனைச் சிறையிட்டதனால் குடிகள் பெற்றது யாது? சோழன் இருந்தபொழுது அவர் வரி இறுத்தனர். சோழன் சிறைப்பட்டபொழுது வீடிழந்தனர். காவலுக்கென்றே கூலி பெற்ற குடி, தான் காக்கவேண்டிய ஊர்கள்மேல் தானே நெருப்பை வரவழைத்தது. வேந்தனுக்குச் செய்த பிழையினும், பாடிகாவல் என்னும் சொல்லுக்குச் செய்த பிழையே பெரிதென யாம் துணிகின்றோம். எனினும், தன் பிழையை ஒருகால் தானே உணர்ந்து கழுவாய் தேடினான் என்பதையும் அதே ஏட்டில் எழுதுதல் நடுநிலைமையாம்.

வேங்கிக்காலில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ளது. ஏரிக்கரை வழக்கும் எல்லை வழக்கும் அங்கே மனுவாக எழுதப்பட்டுச் செல்கின்றன. வாளாலும் தீயாலும் தீர்க்கப்படுவதில்லை. இவ்வெளிய நன்மையின் அருமையை அறிதற்கு, தெள்ளாற்றிலும் சேந்தமங்கலத்திலும் நிகழ்ந்தவற்றை நாம் நினைவுகூர்தல் நலம்.

மாணவ நண்பர்காள்! அடுத்த முறை அண்ணாமலையார் மதிலருகே செல்லுங்கால் சிறிது நின்று அவ்வெழுத்துக்களை நோக்குமின். 'சகலபுவனச் சக்கரவர்த்தி' என்னும் பட்டத்தைக் காண்பீர். அதனைப் படிக்கும்போதே, அங்கே எழுதப்படாத ஊரார் பெயர்களையும் உள்ளத்தால் எழுதிக் கொள்ளுமின். அதுவே வரலாறு பயின்றார் செய்யத்தக்க கடனாகும்.